பாட்டிக்கு ஒரு போட்டோ

போன தீபாவளிக்கு உங்கள் வீட்டில் எத்தனை போட்டோ எடுத்தீர்கள்? நூறு? இருநூறு? சரி, செல்போனைத் திறங்கள். அதில் பாட்டி மட்டும் தனியாக, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் காட்டுங்கள், பார்க்கலாம்.

தேடுங்கள். அவசரமில்லை.

வாசல் கோலம் இருக்கும், எட்டு கோணத்தில். இலையில் வடை இருக்கும். மஞ்சள் தடவிய புதுச்சட்டை இருக்கும். செல்ஃபியில் உங்கள் மூக்கு இருக்கும், கொஞ்சம் பெரிதாகவே. பாட்டி? குரூப் போட்டோவின் ஓரத்தில், பாதிக் கண் மூடி, மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால்.

குடும்பப் படம் என்று சொல்லிக்கொண்டு நாம் எடுப்பதெல்லாம் துணிக்கடை விளம்பரம். வரிசையாக நிற்க வைக்கிறோம். 'எல்லாரும் சிரிங்க' என்கிறோம். க்ளிக். அடுத்த நிமிஷம் ஸ்டேட்டஸ். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ராத்திரி வரை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதோடு அந்தப் படத்தின் ஆயுள் முடிந்தது.

ஆனால், ஒரு நாள் அந்தப் பாட்டியின் படம் தேவைப்படும். அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். வாசலில் ஷாமியானா போட்டுக்கொண்டிருப்பார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போன் செய்வார். "சார், அம்மா போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்புங்க." அழுதுகொண்டே ஆளாளுக்கு செல்போனைத் துழாவுவார்கள். கடைசியில் அகப்படுவது வாக்காளர் அட்டை. அல்லது, பேத்தி கல்யாண ஆல்பத்தில் ஒரு கூட்டப் படம். அதிலிருந்து தலையை வெட்டி, பின்னால் நீல வானத்தை ஒட்டி அடித்துக் கொடுப்பார்கள். தோளில் யாரோ ஒருவருடைய இரண்டு விரல்கள் மிச்சமிருக்கும். எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு நாம் தருகிற மரியாதை இவ்வளவுதானா?

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஃபிலிம் ரோலில் 36 படம்தான். கழுவிப் பார்க்கிற வரை என்ன விழுந்தது என்று தெரியாது. அன்றைக்கும் அடுப்படியில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் படம் கிடையாது. ஆனால், அன்றைக்குக் காரணம் காசு. பையில் கேமராவோடு திரிகிற நமக்கு இன்றைக்கு என்ன காரணம்?

"அவங்களுக்கு போட்டோன்னாலே பிடிக்காது சார்!"

பொய். வியர்வையும் கரியுமாக, கையில் கரண்டியோடு நிற்கும்போது திடீரென்று போனை நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? நீங்கள் மட்டும் குளித்து, தலை வாரி, மூன்று முறை கண்ணாடி பார்த்துவிட்டு வருகிறீர்கள். அவருக்கும் பத்து நிமிஷம் கொடுங்கள். புடவை மாற்றட்டும், பூ வைக்கட்டும். அந்தப் பத்து நிமிஷம் முறுக்கு பிழிகிற வேலையை நீங்கள் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்று.

இதற்குப் புது போன் வேண்டாம். முதல் வேலை, லென்ஸைத் துடையுங்கள். பண்டிகை நாளில் கையெல்லாம் எண்ணெய், அந்த எண்ணெயெல்லாம் லென்ஸில். பாதிப் படங்கள் மங்குவது அதனால்தான்.

இரண்டாவது, உச்சி வெயிலில் நிற்க வைக்காதீர்கள். நெற்றி பளபளக்கும், கண் இரண்டும் குழியாகிவிடும். தலைக்கு மேலே எரிகிற விளக்கும் அதே வேலையைத்தான் செய்யும். வாசல் கதவுக்கு இரண்டடி உள்ளே ஒரு நாற்காலி போட்டு, வெளியே பார்த்தபடி உட்கார வையுங்கள். வெளிச்சத்தை மறைக்காமல் வாசல் பக்கம் ஓரமாக நின்று நீங்கள் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். ஐப்பசி மழை மேகம் இருந்தால் இன்னும் நல்லது. முகத்துக்கு அதைவிட மெத்தென்ற வெளிச்சம் கிடையாது.

மூன்றாவது, மூக்குக்கு அருகே போனை நீட்டாதீர்கள். 12 அங்குல தூரத்தில் எடுத்தால், 5 அடி தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவிகிதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி நின்று, போனில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள்.

நான்காவது, 'சிரிங்க' என்று சொல்லாதீர்கள். சொன்னால் பல் தெரியும், ஆள் தெரியமாட்டார். "தாத்தா முதல் முதலா உங்களைப் பார்க்க வந்தப்ப என்ன சட்டை போட்டிருந்தார்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னால் முகத்தில் ஒன்று வரும். அதை எடுங்கள்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் நமக்கு குரூப் போட்டோ ஞாபகம் வரும். அப்போது அம்மா பரிமாறிக்கொண்டிருப்பார். "நீங்க எடுங்கப்பா, எனக்கு ரசம் கொதிக்குது" என்பார். நாமும் எடுத்துவிடுவோம்! சமைத்தவர் இல்லாத குடும்பப் படம் என்ன குடும்பப் படம்? அடுப்பை அணைத்துவிட்டு அவரும் வரட்டும். ரசம் ஆறினால் சுட வைத்துக்கொள்ளலாம். போனில் பத்து விநாடி டைமர் எதற்கு இருக்கிறது? போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, எடுக்கிறவரும் ஓடிப்போய் நில்லுங்கள்.

எடுத்தாயிற்றா? வேலை முடியவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். போன் தொலையும், பாஸ்வேர்டு மறக்கும், இடம் நிறைந்துவிட்டது என்று பேரன் அழித்தும் விடுவான். அதனால் நல்லதாக ஐந்தைப் பொறுக்கி பிரின்ட் போடுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு பெட்டி வெடி விலைகூட இருக்காது. பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். 'பாட்டி' என்று மட்டும் எழுதாதீர்கள். பாட்டிக்குப் பெயர் உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டாமா?

வரப்போகிற பொங்கலுக்கு முதல் படம் அவருக்கு. அது முடிந்த பிறகு பானையை எடுத்துக்கொள்ளலாம். பானை அடுத்த வருஷமும் பொங்கும்.