அட்மின் பாஸ்வேர்டும் கானா கரண்ட் கட்டும்

மயிலாப்பூரோ தி.நகரோ, சின்ன ஷிப்பிங் ஆபீஸ்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகலை சார். அட்மினா ஓட்டினா இசட் டிரைவைக் காணோம்!"

இது கோளாறே இல்லை. சாதாரண லாகினில் இணைத்த டிரைவ், அட்மினாக ஓடும் புரோகிராமுக்கு விண்டோஸில் பொதுவாகத் தெரியாது. சர்வரின் முழு முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுப்பதுதான் தப்பு.

2017 ஜூன் 27-ல் மெர்ஸ்க் கப்பல் கம்பெனியைச் சாய்த்த நாட்பெட்யா, சிக்கிய கம்ப்யூட்டரில் கிடைத்த பாஸ்வேர்டுகளை வைத்தும் அடுத்ததற்குத் தாவியது. 45,000 கம்ப்யூட்டர்கள், 4,000 சர்வர்களில் எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்தார்கள். டொமைன் கன்ட்ரோலர்களில் தப்பியது கானாவில் இருந்த ஒன்றுதான். காரணம், அங்கே கரண்ட் கட்!

ஈபி புண்ணியத்தை நம்பாமல், பாஸ்வேர்டைப் பூட்டி, பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள் சார்!