மோட்டார் ஓடிய நேரம் மட்டும் போதுமா? பாசனத்தை அளக்கும் மென்பொருள் அறிக்கைகள் சொல்வதும் சொல்லாததும்

புதுதில்லி: வயலுக்கு எப்போது தண்ணீர் விடப்பட்டது, எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது, எவ்வளவு நீர் பாய்ந்தது என்ற கணக்கு நெடுங்காலமாக விவசாயியின் நினைவிலும் பாசனத் துறை ஊழியரின் பதிவேட்டிலும் மட்டுமே இருந்தது. அந்த இடத்தை இப்போது மென்பொருள் அறிக்கைகள் மெல்லப் பிடித்து வருகின்றன. கால்வாய் மதகு, ஆழ்துளைக் கிணறு, சூரியசக்தி பம்புசெட், சொட்டுநீர்க் குழாய் என அனைத்திலும் உணரிகள் பொருத்தப்பட்டு, அவை அனுப்பும் எண்கள் அன்றாட அறிக்கையாக அதிகாரியின் கணினியிலோ விவசாயியின் கைபேசியிலோ தெரிகின்றன.

இந்த மாற்றத்துக்கு மத்திய அரசு கொள்கை வடிவமும் கொடுத்துள்ளது. ஆயக்கட்டுப் பகுதி மேம்பாடு மற்றும் நீர் மேலாண்மையை நவீனமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் துணைத் திட்டமாக, 2025-26 நிதியாண்டுக்குத் தொடக்க ஒதுக்கீடாக ரூ.1,600 கோடி அறிவிக்கப்பட்டது. நீர் ஆதாரத்திலிருந்து பண்ணை வாயில் வரை, 1 ஹெக்டேர் அளவிலான நிலத்துக்கும் நிலத்தடிக் குழாய்கள் வழியாக அழுத்தத்துடன் நீர் வழங்குவதும், 'ஸ்காடா' எனப்படும் தொலைநிலைக் கண்காணிப்பு முறையையும் இணையத்துடன் இணைந்த கருவிகளையும் கொண்டு நீர்க் கணக்கு வைப்பதும் இதன் நோக்கங்களாகும்.

எனவே, அறிக்கை வருமா என்ற கேள்வி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்த அறிக்கையை யார் படிப்பார், எதற்காகப் படிப்பார், அதன் பலனும் சுமையும் யாருக்குப் போகும் என்பவைதான் எஞ்சியிருக்கும் கேள்விகள்.

அளக்க வேண்டிய தேவை ஏன்?

உலக மக்கள்தொகையில் சுமார் 18 சதவீதத்தினர் வாழும் இந்தியாவில், உலக நன்னீர் வளத்தில் சுமார் 4 சதவீதமே உள்ளது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, நாட்டில் ஓராண்டில் எடுக்கப்படும் நிலத்தடி நீர் 245.64 பில்லியன் கன மீட்டர். இதில் ஏறத்தாழ 87 சதவீதம் வேளாண்மைக்கே செல்கிறது. தேசிய அளவில் எடுக்கத்தக்க நீரில் சுமார் 60 சதவீதமே எடுக்கப்படுகிறது என்பது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் பஞ்சாபில் இந்த விகிதம் 150 சதவீதத்துக்கும் அதிகம். ஆண்டுதோறும் ஊறுவதைக் காட்டிலும் கூடுதலாக அங்கு இறைக்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

இவ்வளவு பெரிய அளவு நீர், பெரும்பாலும் அளவுமானி இல்லாத பம்புகள் வழியாகவே வெளியேறுகிறது. இதனால், அரசின் மதிப்பீடுகள் கிணறுகளின் எண்ணிக்கை, பயிர்ப் பரப்பு, மின் பயன்பாடு ஆகியவற்றிலிருந்து கணிக்கப்படுபவையாகவே உள்ளன. நேரடிப் பதிவு கிடைத்தால் இந்த மதிப்பீடு துல்லியமாகும் என்பதே மென்பொருள் அறிக்கைகளுக்கு ஆதரவான முதன்மை வாதம்.

ஓர் அறிக்கையை எப்படிப் படிப்பது?

மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் பம்பு ஒன்று ஒரு ஏக்கர் நிலத்துக்கு 6 மணி நேரம் ஓடியதாக அறிக்கை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த நீர் 1,20,000 லிட்டர். ஒரு ஏக்கர் பரப்பில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க ஏறக்குறைய 4,047 லிட்டர் தேவை. ஆகவே வயலுக்குக் கிடைத்தது சுமார் 30 மில்லிமீட்டர். அப்பருவத்தில் பயிரின் தேவை நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்றால், அது 6 நாள்களுக்கான நீர். மூன்றாம் நாளே மீண்டும் 6 மணி நேரம் மோட்டார் ஓடியிருந்தால், மண்ணின் தன்மையா, குழாயில் கசிவா, மின்சாரம் எப்போது வரும் என்ற நிச்சயமின்மையா என்று விசாரிக்க அந்த அறிக்கை இடம் தருகிறது.

இதே பம்பு அடுத்த ஆண்டிலும் 6 மணி நேரம் ஓடுகிறது. ஆனால் கிணற்றின் நீர்மட்டம் இறங்கியதால் மணிக்கு 15,000 லிட்டர் மட்டுமே வருகிறது. வயலுக்குக் கிடைப்பது 90,000 லிட்டர், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர். ஓடிய நேரத்தை மட்டும் பதிவு செய்யும் அறிக்கையில் இரண்டு ஆண்டுகளும் ஒன்றுபோலவே தெரியும். பயிர் வாடியதும் கிணறு வறண்டதும் அதில் இடம்பெறாது. ஓடிய நேரம், மின் பயன்பாடு, வெளியேறிய நீர், நீர்மட்டம் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் இருந்தால்தான் அறிக்கை உண்மை நிலவரத்தைக் காட்டும்.

சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே நிலைதான். நீரோட்டம் அதிகரித்து அழுத்தம் குறைந்தால் குழாய் உடைந்திருக்க வாய்ப்புண்டு. அழுத்தம் உயர்ந்து நீரோட்டம் குறைந்தால் சொட்டுவான்கள் அடைத்திருக்கக்கூடும். இரண்டில் ஒன்றை மட்டும் அளக்கும் கருவி விவசாயியைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

சூரியசக்தி பம்புகள்: ஒரே எண், இரண்டு பொருள்

2019-இல் தொடங்கப்பட்ட பி.எம்.-குசும் திட்டத்தின் கீழ் மின் இணைப்பு இல்லாத இடங்களில் சூரியசக்தி பம்புகள் மானியத்துடன் நிறுவப்படுகின்றன. பொதுவாக மத்திய அரசு 30 சதவீதமும், மாநில அரசு குறைந்தது 30 சதவீதமும் செலவை ஏற்கின்றன. மீதி விவசாயியின் பங்கு. இப்பம்புகளில் தொலைநிலைக் கண்காணிப்புக் கருவி பொருத்தப்படுவதால், பம்பு ஓடும் நேரமும் மின் உற்பத்தியும் இணையதளத்தில் பதிவாகின்றன.

இங்குதான் ஒரு முரண் எழுகிறது. பம்பு நாள்தோறும் நீண்ட நேரம் ஓடினால், மானியத்தில் வழங்கிய கருவி பழுதின்றி இயங்குகிறது என்று திட்டத்தைக் கண்காணிப்பவர் நிம்மதி கொள்வார். நிறுவனத்தின் பராமரிப்புப் பொறுப்பு நிறைவேறுகிறது என்பதற்கும் அதுவே சான்று. நிலத்தடி நீரைக் கவனிக்கும் துறைக்கோ அதே எண் அபாய அறிகுறி. சூரிய ஒளிக்குக் கட்டணம் இல்லாததால், ஒருமுறை பம்பு நிறுவிய பின் கூடுதலாக ஒரு மணி நேரம் இறைக்க விவசாயிக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. அறிக்கை எந்தக் கேள்விக்கு விடையாகத் தயாரிக்கப்படுகிறது என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், எரிசக்தித் துறையின் வெற்றியே நீர்வளத் துறையின் தோல்வியாக மாறக்கூடும்.

அளவுமானியின் மீதான அச்சம்

மேற்கு வங்கம் 2007-ஆம் ஆண்டு முதல் பாசன மின் இணைப்புகளுக்கு டிஜிட்டல் அளவுமானிகளைப் பொருத்தத் தொடங்கியது. நேரத்துக்கேற்ற கட்டண முறையும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வேளாண் மின்சாரம் இலவசமாக வழங்கப்படும் மாநிலங்களில் அளவுமானி என்ற சொல்லே, அடுத்து கட்டணம் வரப்போகிறது என்ற எச்சரிக்கையாகப் பார்க்கப்படுகிறது. இந்த அச்சத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. இன்று ஆலோசனைக்காகத் திரட்டப்படும் எண், நாளை கட்டணத்துக்கும் மானியக் குறைப்புக்கும் அடிப்படையாகாது என்ற உறுதி விவசாயிக்கு எழுத்தில் தரப்படுவதில்லை.

இதற்கு மாற்றாகப் பஞ்சாப் 2018-இல் வேறொரு வழியை முயன்றது. 'பானி பச்சாவோ, பைசா கமாவோ' (தண்ணீரைச் சேமி, பணத்தை ஈட்டு) என்ற அத்திட்டம் முதலில் 6 மின்வழித்தடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. விருப்பத்தின் பேரில் இணையும் விவசாயிக்கு மாத மின் ஒதுக்கீடு நிர்ணயிக்கப்பட்டு, அதில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.4 வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். இலவச மின்சாரம் தொடரும். கூடுதலாகப் பயன்படுத்தினால் தண்டனை இல்லை. அளவீடு பறிப்பதற்கு மட்டுமன்றி வழங்குவதற்கும் உதவலாம் என்பதை இந்த வடிவமைப்பு காட்டுகிறது.

கால்வாயில் கடைமடைக்கு என்ன பயன்?

கால்வாய்ப் பாசனத்தில் சிக்கல் வேறு வகையானது. கர்நாடகத்தில் நாராயணபுரா இடதுகரைக் கால்வாயின் விரிவாக்கம், புனரமைப்பு, நவீனமயமாக்கல் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜனவரி 19-ஆம் தேதி யாதகிரி மாவட்டம் கோடேகல்லில் தொடங்கி வைத்தார். விநாடிக்கு 10,000 கனஅடி கொள்ளளவு கொண்ட இக்கால்வாயின் ஆயக்கட்டு 4.5 லட்சம் ஹெக்டேர். கலபுரகி, யாதகிரி, விஜயபுரா மாவட்டங்களின் 560 கிராமங்களில் 3 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகள் பயனடைவர் என அப்போது அறிவிக்கப்பட்டது. ஸ்காடா முறையில் மதகுகளைக் கண்காணித்து இயக்குவது இதன் முக்கிய அம்சம்.

தலைமடையில் உள்ளவர் தேவைக்கு மேல் பாய்ச்சுவதும், கடைமடையில் உள்ளவர் காத்திருப்பதும் எந்தக் கால்வாய்க்கும் பொதுவான பழைய வழக்கு. முன்பு கடைமடை விவசாயி முறையிட்டால், தண்ணீர் திறந்துவிட்டோம் என்ற பதிலே கிடைக்கும். மதகு வாரியான அளவீடு இருக்கும்போது, எந்த நாளில் எந்தக் கிளையில் எவ்வளவு நீர் சென்றது என்பதை அவர் ஆதாரத்துடன் கேட்க முடியும். ஆனால் அந்த அறிக்கை கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே நின்றுவிட்டால் கேள்வி கேட்கும் வலிமையும் அங்கேயே நின்றுவிடும். மதகு வாரியான அன்றாட அறிக்கையை ஊராட்சி அலுவலகச் சுவரில் உள்ளூர் மொழியில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

அளவீட்டை உரிமையுடன் இணைக்க மகாராஷ்டிரம் முன்னரே சட்டம் இயற்றியுள்ளது. 2005-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு கன அளவின் அடிப்படையில் நீர் வழங்க வழிவகுக்கிறது. நாசிக் மாவட்டத்தின் வாகாட் அணைப் பாசனத்தில் இத்தகைய சங்கங்கள் நீரை அளந்து பெற்றுத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அளவுமானி அங்கு அரசின் கண்காணிப்புக் கருவி மட்டுமல்ல, தங்கள் பங்கு கிடைத்ததா என்று விவசாயிகள் சரிபார்க்கும் கருவியும் ஆகும்.

'சேமிப்பு' என்ற சொல்லில் உள்ள பொறி

மென்பொருள் அறிக்கைகள் பெரும்பாலும் 'சேமித்த நீர்' என்ற ஒரு வரியுடன் முடிகின்றன. இந்த வரியைச் சற்று எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். வயலுக்கு விடப்படும் நீர் முழுவதும் பயிரால் உறிஞ்சப்படுவதில்லை. ஒரு பகுதி மண்ணில் இறங்கி, பக்கத்துக் கிணற்றுக்கோ கீழுள்ள ஓடைக்கோ போய்ச் சேர்கிறது. சொட்டுநீருக்கு மாறியதும் அந்த ஒழுக்கு நிற்கிறது. அறிக்கை அதைச் சேமிப்பாகக் கணக்கிடுகிறது. மிச்சமான நீரைக் கொண்டு விவசாயி கூடுதல் பரப்பில் கரும்போ வாழையோ பயிரிட்டால், பகுதியின் மொத்த நீர் நுகர்வு குறையாமல் கூடவும் செய்யலாம். நவீனப் பாசனத் தொழில்நுட்பம் தானாகவே நீரைச் சேமித்துவிடாது என்று ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையும் எச்சரித்துள்ளது.

ஒரு வயலின் அறிக்கையை மட்டும் வைத்து வெற்றியை அறிவிப்பதற்குப் பதிலாக, அப்பகுதியின் பயிர்ப் பரப்பையும் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

தரவு யாருடையது?

ஒரு விவசாயி எப்போது இறைத்தார், எவ்வளவு இறைத்தார் என்பதிலிருந்து அவர் என்ன பயிரிட்டார், விளைச்சல் எப்படி இருக்கும், கடனைத் திருப்பிச் செலுத்துவாரா என்பது வரை ஊகிக்க முடியும். காப்பீட்டு நிறுவனம், வங்கி, இடுபொருள் விற்பனையாளர் ஆகிய அனைவருக்கும் இது பயன்தரும் தகவல். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பை அளிக்கிறது. அதே சட்டம், மானியம், சேவை போன்றவற்றை வழங்குவதற்காகக் குறிப்பிட்ட சூழல்களில் தனி ஒப்புதலின்றியும் அரசு அமைப்புகள் தரவைக் கையாள இடமளிக்கிறது. பாசனத் தரவு பெரும்பாலும் மானியத் திட்டங்கள் வழியாகவே திரட்டப்படுவதால், எந்தத் தரவு எவரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத் திட்ட விதிமுறைகளிலேயே தெளிவாக்குவது அவசியம்.

கிராமமே தணிக்கையாளர்

இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக ஓர் எளிய அனுபவமும் நம்மிடம் உண்டு. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2000-களில், வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில் விவசாயிகளே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. மழைமானியையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் விவசாயிகளே அளந்து ஏட்டில் குறித்தனர். ரபி பருவத்துக்கு முன் ஊர் கூடி, இருக்கும் நீர் எவ்வளவு, நினைத்திருக்கும் பயிர்களுக்குத் தேவை எவ்வளவு என்று கணக்கிட்டனர். எந்தப் பயிரை இடுவது என்ற முடிவு அவரவரிடமே விடப்பட்டது. பின்னர் 2019-இல் தொடங்கப்பட்ட அடல் பூஜல் திட்டமும், 7 மாநிலங்களில் ஊராட்சி அளவிலான நீர் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தது.

புதிய ஆயக்கட்டுத் திட்டமும் பாசனக் கட்டமைப்பை நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களிடம் ஒப்படைப்பதாகக் கூறுகிறது. அச்சங்கங்களை உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுடனும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுடனும் இணைத்து 5 ஆண்டுகளுக்கு வழிகாட்டி உதவுவதும் அதன் அங்கமாகும். கருவிகளையும் குழாய்களையும் ஒப்படைக்கும்போது, அறிக்கையைப் படிக்கவும் அதில் தவறு கண்டால் திருத்தக் கோரவுமான அதிகாரமும் சேர்த்து ஒப்படைக்கப்படுகிறதா என்பதே இத்திட்டத்தின் உண்மையான தேர்வாக இருக்கும். சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டப்படும் அறிக்கையே பாசனத்தைச் சீர்செய்யும். தலைநகரின் திரையில் மட்டும் தெரிவது கோப்பில் சேரும் மற்றுமொரு எண்ணாகவே இருந்துவிடும்.