அறிவுக் கருவிக்கு விலை கேட்டல் இழிவா?

அறிவை விலைக்கு விற்கலாமோ என்று கேட்பார் நம்மிடையே பலர். அவ்வறிவை ஆக்கித் தந்தவன் எதனை உண்டு உயிர் வாழ்வான் என்று கேட்பார் மிகச் சிலர். இவ்விரு கேள்விகளுக்கும் இடையில் அகப்பட்ட இளைஞர் ஒருவர் சென்ற திங்கள் எம் இல்லத்திற்கு வந்திருந்தார். முன்பு எம்மிடம் தமிழ் பயின்றவர். இன்று கடலாய்வுப் பணியில் இருக்கின்றார். கடலில் மிதக்கவிட்ட கருவிகள் விடுக்கும் அளவீடுகளிற் பிழை களையும் கணிப்பொறி நிரல் ஒன்றை, ஐந்தாண்டுகள் இரவும் விடுமுறையும் பாராது, தம் தனி முயற்சியால் எழுதி முடித்தவர். "முப்பது நாள் பயன்படுத்திப் பாருங்கள், பயன் கண்டால் விலை விடுங்கள்" என்று அறிவித்து, அதனை அத்துறை ஆய்வாளர்க்கு வழங்கினார். இருநூற்றுவர்க்குக் குறையாமற் பயன்படுத்தினர். விலை விடுத்தவர் எழுவர்!

"ஐயா, இதனை இத்துடன் மூட்டை கட்டிவிடலாம் என்றிருக்கின்றேன்" என்றார் அவர். அவர்க்கு யாம் கூறியதையும், அவர் சென்றபின் எண்ணிப் பார்த்ததையும் ஈண்டு எழுதுகின்றோம்.

முதலிற் பயன்படுத்தத் தந்து பின்னர் விலை கேட்கும் இம்முறை புதியதன்று. ஆங்கிலர் இதனைச் சேர்வேர் என்பர். யாம் பகிர்நிரல் என்போம். 1982-இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் வாழ்ந்த ஆந்துரு புளூகல்மன் என்பார் பிசி-டாக் என்னும் செய்தித்தொடர்பு நிரலை எழுதி, யாரும் படியெடுக்கலாம், பிறர்க்கும் தரலாம், பயன் கண்டவர் 25 தாலர் விடுத்தாற் போதும் என்றார். அதே ஆண்டிற் சிம் நாப்பு என்பார், தம் கிறித்துவக் கோயிலார்க்கு முகவரிச்சீட்டு அச்சிடற்கு உதவிய நிரலைப் பிசி-பைல் என்னும் பெயரில் அவ்வாறே வழங்கினார். அடுத்த ஆண்டு பாப் வாலசு என்பார் பிசி-ரைட் என்னும் எழுத்துநிரலைக் கொணர்ந்தார். 75 தாலர் கட்டிப் பதிவு செய்தவர் தம் படியைப் பிறர்க்குத் தரலாம். பெற்றவரும் பதிவு செய்வாராயின், தந்தவர்க்கு 25 தாலர் திரும்பக் கிடைக்கும். படியெடுத்துத் திரிபவனையே விற்பனையாளன் ஆக்கிய சூழ்ச்சி அது! (சூழ்ச்சி என்னும் சொல்லை யாம் அதன் பழம்பொருளில், ஆராய்ந்து கண்ட வழி என்னும் பொருளில், ஆளுகின்றோம்.)

இம்மூவரும் வென்றது எதனால்? அவர்தம் நிரல்கள் வீட்டிற் கணிப்பொறி வைத்திருந்த எவர்க்கும் வேண்டியவை. பயன்படுத்துவோர் இலக்கக்கணக்கிற் பெருகுமிடத்து, நூற்றுவருள் ஒருவர் விலை தந்தாலும் ஆக்கியோன் வீட்டு அடுப்பு எரியும். கடல் அளவீட்டில் பிழை களையும் நிரலுக்கோ உலகெல்லாம் திரட்டினும் சில நூற்றுவரே உளர். பேராற்றுக்குக் கட்டிய மதகை வாய்க்காலுக்குக் கட்டிவிட்டு, நீர் வரவில்லையே என்று வருந்துவது போன்றது எம் மாணவரின் வருத்தம்.

எண்ணிக்கை ஒன்று மட்டுமன்று குறை. இச்சிறு குழுவின் இயல்பே வேறு. நிரலைப் பயன்படுத்துவோன் ஈண்டுத் தானும் நிரல் எழுத அறிந்தவன். அவனிடம் பூட்டு ஒன்றைக் காட்டினால், அவன் அதனை உடைக்க வேண்டுவதில்லை. வேறொரு வீடே கட்டிக்கொள்வான். 1986-இற் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட நியூமரிக்கல் ரெசிபீசு என்னும் நூலை அறிவியலார் பலரும் அறிவர். எண்ணியற் சமையற் குறிப்புகள் என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கணக்கீட்டு நிரல்கள் முழுமையாக அச்சிடப்பட்ட அருமையான நூல் அது. ஆயின் அந்நிரல்களைப் பிறர்க்கு வழங்குதற்கு உரிமம் இடந்தரவில்லை. 1996-இல் இலாசு அலாமோசு ஆய்வகத்து இயற்பியலார், யாவர்க்கும் உரிய குனூ அறிவியல் நிரலகத்தைத் தொடங்கியதற்கு அவ்வுரிமக் கட்டுப்பாடும் ஒரு தூண்டுகோல். அன்றியும், உள்ளே என்ன நிகழ்கின்றதென்று காட்டாத நிரல் தந்த விடையை ஆய்வாளன் எந்த நெஞ்சோடு தன் கட்டுரையில் எழுதுவான்? முப்பதாம் நாள் நின்றுவிடும் பூட்டு, கடைக்காரனுக்கு ஏற்றது, ஆய்வுக்கு ஏற்றதன்று.

இனி, யாவரும் மறக்கும் ஒன்று. ஆய்வாளன் கையிற் பணப்பை இல்லை. அது நிறுவனத்தின் கணக்கரிடம் இருக்கின்றது. "விரும்பினால் விடுங்கள்" என்னும் சொற்கு அக்கணக்கரின் ஏட்டில் இடமே கிடையாது. அவர்க்கு வேண்டியது விலைச்சீட்டு. எம் மாணவரிடம் நால்வர் அதனைக் கேட்டு எழுதியிருந்தனராம். இவர்க்கோ அவ்வாறு ஒன்று தருதற்குக் கூச்சம்! கூச்சத்தினாற் கெட்டது அவர் வருவாயன்றி, அவர் நிரலின் மதிப்பன்று.

மாட்லாப் என்னும் புகழ்பெற்ற கணக்கீட்டு நிரலின் பிறப்பும் இதற்குச் சான்று. கிளீவ் மோலர் என்னும் பேராசிரியர், போர்ட்ரான் நிரல்மொழி எழுதத் தெரியாத மாணவரும் அணிக்கணக்குச் செய்யட்டும் என்று அதனை 1970-களின் இறுதியில் எழுதி, விலையின்றியே வழங்கினார். பின்னர் அதனைப் புதுக்கி விற்பதற்கு 1984-இல் ஒரு நிறுவனம் எழுந்தது. முதற் கேட்போலை 1985-இல் மாசாச்சூசெட்சுத் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது: பத்துப் படிகள். ஒருவர் ஒரு படி வாங்கித் தொடங்கிய வணிகமன்று அது. பின்னர்ப் பொறியியற்றுறையெங்கும் பரவியதால் அது பேராறாயிற்று; அது வேறு கதை.

எம் மாணவர்க்கு யாம் எடுத்துக்காட்டியது திராவிசு ஒலிபாண்டு என்பாரை. பைத்தான் நிரல்மொழியில் எண்ணணிகளைக் கையாளுதற்கு இருவேறு நிரற்றொகுதிகள் இருந்து, சிறிய அறிவியற் குழுவே இரண்டுபட்டுக் கிடந்த காலம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் துணைப்பேராசிரியராயிருந்த அவர், அவ்விரண்டையும் ஒன்றாக்கும் பொறுப்பைத் தாமே தலைமேற்கொண்டு, 2006-இல் நம்பை என்னும் தொகுதியை நிறைவு செய்தார். (ஆங்கிலத்தில் இட்ட பெயர்தான், ஆயினும் தமிழ்ச் செவிக்கு 'நம்பு' என்றே ஒலிக்கின்றது.) நிரலை முழுவதும் திறந்து யாவர்க்கும் விலையின்றித் தந்தார். அதனை ஆளும் வழிகாட்டி நூலுக்கு மட்டும் விலை வைத்தார். அந்த விலையும் என்றென்றைக்கும் அன்று. குறித்த தொகை திரண்டாலோ குறித்த காலம் கழிந்தாலோ நூலும் பொதுவாகிவிடும் என்று முன்னரே அறிவித்தார். 2008-இல் அவ்வாறே நூலைப் பொதுவாக்கினார். எத்துணை நேர்மையான விலை! வேண்டுவது இவ்வளவு, இதற்காக, இதுவரை என்று சொல்லிக் கேட்டவர் முன் முகஞ்சுளிக்க யார்க்கு உரிமை உண்டு?

ஆயினும் அவர் 2007-இலேயே பல்கலைக்கழகப் பணியை விட்டு வணிக நிறுவனம் ஒன்றிற்குச் சென்றார். நம்பை நிரலோ உலகெங்கும் பரவியது. 2019-இல் வெளிவந்த முதற் கருந்துளைப் படத்தை ஆக்கிய கணக்கீடுகளிலும் அது பயன்பட்டது. அதன் வளர்ச்சிக்கென்றே பெருநல்கை வந்தது எப்போது? 2017-இல் மூர் அறக்கட்டளை 6,45,020 தாலர் வழங்கியபோதுதான். பதினோராண்டுகள், அந்நிரலால் உயர்ந்த ஆய்வுக்கூடங்கள் அதன் வேருக்கு யார் நீர் வார்க்கின்றார் என்று திரும்பிப் பாராமலே இருந்தன. திறந்து தருதலே போதும் என்பார் இதனையும் எண்ணுக.

'அறிவு விற்பனைக்கன்று' என்று இளைஞர்க்கு அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் திங்கள்தோறும் ஊதியம் பெறும் பேராசிரியர்களே. யாமும் அவ்வினத்தவரே. முப்பதாண்டுகளாக இலக்கணம் கற்பித்து ஊதியம் பெற்றோம். தமிழை விற்றோம் என்று எவரும் எம்மைப் பழித்ததில்லை. பள்ளிக்கூடம் கொடுத்தால் ஊதியம், தானே கேட்டால் விற்பனையோ?

நம் இதழும் பகிர்நிரல் போன்றதே. முதலில் இல்லந்தேடி வருகின்றது. ஆண்டுக்கட்டணம் பின்னர்க் கேட்கப்படுகின்றது. யாமே ஒருகால் ஈராண்டுக் கட்டணத்தைச் சேர்த்து விடுத்து, 'மறதி' என்று ஒரு வரி எழுதினோம். மறதியன்று, எவரும் அழுத்திக் கேட்கவில்லை, அதனால் விடுக்கவில்லை. எழுவர் தந்தனர் என்று எம் மாணவர் கூறியபோது எமக்குச் சுருக்கென்றதற்குக் கரணியம் அதுவே.

"தம்பி, பூட்டை எடுத்துவிடு. நிரலைத் திறந்து வை. வழிகாட்டி நூலுக்கும், ஐயம் கேட்பார்க்கு ஓராண்டு விடை எழுதும் உழைப்புக்கும் விலை வை. மாணவரிடம் வாங்காதே, நிறுவனத்திடம் தயங்காதே. விலைச்சீட்டை அச்சிட்டு நீயே விடு" என்றோம். அரைமனத்தோடுதான் சென்றார்.

சென்ற கிழமை அவர் மடல் வந்தது. மூன்று நிறுவனங்கட்கு விலைச்சீட்டு விடுத்தாராம். ஒன்று பணம் அனுப்பிவிட்டது. ஒன்று இன்னும் வாய்திறக்கவில்லை. மூன்றாவதன் கணக்கர், ஒப்பிட்டுப் பார்க்க இதே நிரலை விற்கும் வேறு இருவரிடமிருந்தும் விலைப்புள்ளி பெற்று விடுக்குமாறு கேட்டிருக்கின்றார். உலகில் அந்நிரலை எழுதியவர் எம் மாணவர் ஒருவரே என்பதை அவர்க்கு எவ்வாறு விளக்குவது என்று எம்மைக் கேட்டு எழுதியுள்ளார்.