‘படிப்பை மட்டும் பார்’ என்னும் பொல்லாத அறிவுரை



ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரிலும் ஜனவரியிலும் நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் மேற்படிப்புக்காகப் பிரிட்டனுக்குப் புறப்படுகிறார்கள். உறவினர் வீடுகளில் விருந்து நடக்கிறது. பள்ளிவாசலில் துஆ ஓதப்படுகிறது. பெட்டியில் மசாலாத் தூளும் ஊறுகாயும் முஸல்லாவும் இடம்பிடிக்கின்றன. கடைசியாக, விமான நிலையத்தின் வாசலில் பெற்றோர் ஓர் அறிவுரையைச் சொல்லி அனுப்புகிறார்கள்: “யாரோடும் சேராதே. எந்தச் சங்கத்திலும் பெயர் கொடுக்காதே. அடுத்தவர் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. படிப்பை மட்டும் பார்.”

இந்த அறிவுரை அன்பிலிருந்து பிறப்பது, அதில் ஐயமில்லை. நிலத்தை விற்றும் நகையை விற்றும் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு அஞ்சுவதற்கு உரிமை உண்டு. ஆனால் அன்பிலிருந்து பிறந்த ஒவ்வோர் அறிவுரையும் நல்லறிவுரை ஆகிவிடாது. இந்த அறிவுரை இரண்டு முறை தீங்கு செய்கிறது. போன முதல் வாரத்தில், உதவி கேட்க ஆளில்லாமல் நம் பிள்ளையைத் தனிமையில் நிறுத்துகிறது. ஓராண்டு கழித்து, எல்லாம் அறிந்தவனாக ஆன பின்பு, புதிதாக வந்து தவிக்கும் இன்னொருவனைக் கண்டும் காணாதவன் போலக் கடந்து செல்லப் பழக்குகிறது.

முதல் மூன்று மாதங்களில் ஒரு மாணவனுக்குத் தேவைப்படுவது என்ன? பணம் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்த நாட்டின் நடைமுறையை அறியாதவர்கள். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் கட்டியாகிவிட்டது. அதன் பயன், வசிக்கும் பகுதியில் உள்ள குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது. அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இதைச் சொல்ல ஆளில்லாத பிள்ளை, காய்ச்சலில் படுத்துக்கொண்டு ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரைப் பட்டையைத் தேடுகிறது. இங்கிலாந்தில் வழக்கமான வாடகை ஒப்பந்தம் என்றால், வீட்டுக்காரர் பெறும் முன்பணம் பெரும்பாலும் 5 வார வாடகையைத் தாண்டக் கூடாது. 30 நாட்களுக்குள் அதை அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அவர் சேர்த்தாக வேண்டும். இது தெரியாத பிள்ளை, கண்ணால் பார்க்காத அறைக்குக் கைப்பேசி வழியாகவே பணம் அனுப்பிவிட்டு, போய் இறங்கிய நாளில் முகவரியே பொய் என்று அறிகிறது.

தொழுகையும் அப்படித்தான். லண்டனில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். லுஹரும் அஸரும் மஃரிபும் ஒரே பிற்பகலுக்குள் அடங்கிவிடுகின்றன. தொழுகை அறை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, இரண்டு வகுப்புகளுக்கு இடையில் எப்படி ஓடிச் சென்று தொழுது திரும்புவது என்பதை எந்தக் கையேடும் சொல்லித் தருவதில்லை. சென்ற ஆண்டு அதே குளிரில் அதே படிக்கட்டில் ஓடிய ஒருவர்தான் சொல்லித் தர முடியும். ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத முதுநிலைப் படிப்புகளுக்குச் செல்வோர், 2024 ஜனவரி முதல் வாழ்க்கைத் துணையையும் குழந்தைகளையும் தம்மைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல வழியில்லை. ஆகவே திருமணமானவர்களும் தனியாகவே போகிறார்கள். முன்னால் போனவரின் கை பின்னால் வருபவருக்கு முன்பு எப்போதையும் விட இப்போதுதான் தேவை.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பதற்கு நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. ஹிஜ்ரத்தின் பின் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் செய்த முதற்பணிகளில் ஒன்று, முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் இணைத்துச் சகோதரர்களாக ஆக்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களோடு இணைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அதை ஏற்காமல் அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி எது என்று மட்டும் கேட்டார்கள். இந்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியிருக்கிறது; நம் மேடைகளில் பலமுறை பேசப்பட்டும் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஒரு நுட்பம் கவனிக்கப்படுவதில்லை. வந்தவருக்குத் தேவைப்பட்டது கடைவீதிக்கு வழி. அந்த வழியை அறிந்தவர் அவ்வூரில் முன்பே வாழ்ந்தவர். இன்றைய மாணவனுக்கு மருத்துவப் பதிவும் வாடகை ஒப்பந்தமும் வேலைச் சட்டமுமே கடைவீதி. அதற்கு வழி காட்டுபவரே இன்றைய அன்ஸாரி.

தமிழ் முஸ்லிம்களுக்கு இது புதிய பாடமும் அன்று. கடையநல்லூரிலிருந்து பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்றவர்கள் 1941இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 1946இல் அச்சங்கம் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் உடலுழைப்பால் பிழைத்தவர்கள். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இன்று முதுநிலைப் பட்டம் பெறப் போகிறவர்களிடம், அடுத்த அறையில் அழும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே என்று நாம் சொல்லி அனுப்பலாமா?

மாணவர்கள் தாமே எழுந்து நின்ற வரலாறும் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள இஸ்லாமிய மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1960களின் தொடக்கத்தில் உருவானது. அமெரிக்காவின் முஸ்லிம் மாணவர் சங்கம் 1963இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து படிக்க வந்தவர்கள். ஜும்ஆவுக்கு ஓர் இடம், ஹலால் உணவுக்கு ஒரு வழி, பெருநாளன்று கட்டித் தழுவ ஒரு தோள் என்பவையே அன்று அவர்களுக்கு இருந்த தேவைகள். “படிப்பை மட்டும் பார்” என்று அவர்கள் இருந்திருந்தால், இன்று நம் பிள்ளை தொழப் போகும் அறை இருந்திருக்காது. முஸ்லிம் அல்லாதோரிடமும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1970இல் எஸ்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘நைட்லைன்’ என்னும் சேவையில், மாணவர்களே இரவில் விழித்திருந்து, தொலைபேசியில் அழைக்கும் சக மாணவரின் துயரத்தைக் கேட்கிறார்கள். அழைப்பவரின் பெயரைக் கேட்பதில்லை. கேட்டதை வெளியே சொல்வதில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் செல்வது நேர்மை ஆகாது.

நேரம் இல்லை என்கிறார்கள். ஓராண்டுப் படிப்பும் வாரம் 20 மணி நேரப் பகுதிநேர வேலையும் எளியவை அல்ல. ஆனால் புதியவர் ஒருவரை ஒரு பிற்பகல் அழைத்துச் சென்று மருத்துவரிடம் பதிந்துவிட்டு வருவது படிப்பைக் கெடுக்காது. இத்தகைய தொண்டு, விசா விதிக்கும் அந்த 20 மணி நேரக் கணக்கில் வருவதும் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒப்பந்தத்தோடு, குறித்த கடமைகளோடு ஓர் அமைப்புக்குச் செய்யும் வேலை, ஊதியம் இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும். அத்தகைய பொறுப்பை ஏற்குமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

சங்கம் என்றால் இயக்கம், இயக்கம் என்றால் வம்பு என்கிறார்கள். நம் ஊர்களில் ஒரே தெருவில் ஜமாஅத்துகள் பிளவுபட்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சம் வருவது இயல்பே. ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடுமுன் அவன் எந்த ஜமாஅத் என்று கேட்க வேண்டிய தேவை அங்கும் இல்லை, இங்கும் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும், அண்டை வீட்டாரின் உரிமை அவருக்கும் உண்டு. நம் பூசல்களை மட்டும் நம் பிள்ளைகள் பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் நிலை என்ன என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட முன்னால் சென்ற சகோதரிகளே முன்வர வேண்டும் என்பதே நம் பதில். மகளை ஒதுங்கியிரு என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவளுக்கு நல்ல தோழி கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

இனி, பெற்றோரின் அச்சத்தை விடக் கொடிய இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் நம்மவர்களிடமிருந்தே வருகின்றன.

முதலாவது, சுரண்டல். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே, கணக்கில் காட்டாமல், கையில் காசு கொடுத்து மாணவர்களை வேலை வாங்கும் கடைக்காரர்களில் நம் மொழி பேசுவோரும் நம் மார்க்கத்தோரும் இருக்கிறார்கள். 20 மணி நேரத்தைத் தாண்டி வேலை பார்த்த மாணவன், தன் விசாவுக்கு ஆபத்து என்று அஞ்சி வாய் திறக்க மாட்டான் என்பதை அறிந்தே இதைச் செய்கிறார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தில் இருந்துகொண்டு, “சகோதரா” என்று அழைத்து வேலை வாங்குவதும், வார இறுதியில் பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்வதும் அநியாயம். இத்தகைய இடங்களைப் புதியவர்களுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டுவது புறம் பேசுவது ஆகாது. அநியாயத்திலிருந்து ஒருவரைக் காக்க எச்சரிப்பதை அறிஞர்கள் புறத்தில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, நாக்கு. ஒரு பிள்ளை பாடத்தில் தவறினால், அறையில் முடங்கிக் கிடந்தால், அழுதால், அந்தச் செய்தி அங்குள்ள ஊர்க்காரரின் கைப்பேசியிலிருந்து அன்றிரவே ஊரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. மறுநாள் தாயிடம் அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்கிறார்கள். இதை ஒரு முறை பார்த்த பிள்ளை, பிறகு நம்மவர்களிடம் உதவி கேட்பதில்லை. வீட்டுக்குப் பேசும்போது நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. சகோதரனின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கற்ற சமுதாயம் இது. முகம் தெரியாதவரிடம் ‘நைட்லைன்’ மாணவர் காக்கும் இரகசியத்தை, நம்மவர் நம்மவருக்குக் காக்க முடியாதா?

ஒன்றை மட்டும் இரகசியமாக வைக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒருவர் பேசினால், அதைத் தனக்குள் பூட்டிக்கொள்வது அமானிதம் அன்று. உடனடி ஆபத்து என்றால் 999. இங்கிலாந்தில் மனநல நெருக்கடி என்றால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும். உதவி வரும்வரை அருகில் இருக்க வேண்டும். ஈமான் குறைந்துவிட்டது என்று அந்த நேரத்தில் உபதேசம் செய்ய வேண்டாம். தோழர் மருத்துவர் அல்லர். மருத்துவரின் வாசல்வரை கைப்பிடித்துச் செல்பவர்.

ஜமாஅத்துகளும் தம் பங்கை உணர வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் ஜனாஸாவை ஊர் கொண்டுவர ஒரே நாளில் பணம் திரட்டும் ஈகை நம்மிடம் உள்ளது. உயிரோடு இருப்பவருக்கு அதில் நூறில் ஒரு பங்கு அக்கறை போதும். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் குர்ஆன் சேர்த்திருக்கிறது. அந்நிய மண்ணில் கையிருப்பு தீர்ந்து நிற்கும் மாணவரை அதில் சேர்க்கலாமா என்று உலமாக்களிடம் கேட்டு, வழியிருந்தால் அதன்படியும், இல்லையேல் அழகிய கடனாகவும் சிறு தொகை ஒதுக்கலாம். அதைவிட எளியது, பிள்ளை புறப்படுமுன் அதே நகரத்துக்குச் சென்ற ஆண்டு போன ஒருவரோடு அவரது சம்மதம் பெற்று இணைத்துவிடுவது. இதற்குக் கட்டடமும் வேண்டாம், மேடையும் வேண்டாம். ஊர் இமாமும் ஒரு கைப்பேசியும் போதும்.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அறிவுரையை மாற்றுங்கள். “உனக்குத் தெரியாததைக் கேள். அடுத்த ஆண்டு வருபவருக்கு நீ சொல்லிக்கொடு” என்று சொல்லி அனுப்புங்கள். வாரந்தோறும் பேசும்போது மதிப்பெண்ணைக் கேட்பதோடு, இந்த வாரம் யாருக்கு என்ன உதவி செய்தாய் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளை தனியாக இல்லை என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.

அந்நிய மண்ணில் கல்வி தேடும் நம் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் துணையாக ஆக்கி, பெற்ற உதவியை அடுத்தவருக்குக் கொடுத்து நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் அவர்களை ஆக்கி அருள்வானாக. ஆமீன்.