பிள்ளைப்பேறும் பஞ்சாங்கமும்

தஞ்சாவூர் இராசா மிராசுதார் ஆஸ்பத்திரியை அறியாதவர்கள் நமது வாசகர்களில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். சுற்று வட்டாரத்து ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண்களும், நாற்று நடும் கூலிப் பெண்களும் பிரசவத்துக்கு வந்து சேருமிடம் அது. 19-ம் நூற்றாண்டில் மிராசுதாரர்கள் கொடுத்த பொருளின் நினைவை அந்த ஆஸ்பத்திரி இன்றைக்கும் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. காவிரிப் பாசனத்து நெல்லில் விளைந்த பணம் சத்திரத்துப் பந்திக்கும், வேத பாடசாலைக்கும், தேர்த் திருவிழாவுக்குமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜில்லாவில், அதில் ஒரு சிறு பங்காவது பிள்ளை பெறும் பெண்ணுக்குப் பயன்பட்டதே என்பதில் நமக்குச் சந்தோஷம்தான்.

ஆஸ்பத்திரிகள் பெருகுவதற்கு முன் பிள்ளைப்பேறு எந்த யோக்கியதையில் இருந்தது என்பதை வீட்டிலுள்ள வயதான பெண்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பிள்ளை பெறுகிறவளுக்குத் தீட்டு என்று சொல்லி, காற்றும் வெளிச்சமும் இல்லாத மூலையை அவளுக்கு ஒதுக்கினார்கள். பிள்ளையைக் கையில் ஏந்தி எடுத்த மருத்துவச்சி நாவிதர் குலத்துப் பெண் என்பதற்காக, வேலை முடிந்ததும் அவளையும் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். உயிரைக் காப்பாற்றின கைக்குத் தீட்டு. புண்ணியாகவாசனம் என்று நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தட்சிணை வாங்கிப்போன கைக்கு மரியாதை! தாய் செத்தால் விதி. பிள்ளை செத்தால் பேய். இரண்டும் பிழைத்தால் குலதெய்வத்தின் கிருபை. இப்படியேதான் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு முடிக்கப்பட்டு வந்தது.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் தாய்மார்கள் பிரசவ ஜன்னியால் ஏராளமாகச் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்க்கிறவர்கள் குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவிக்கொண்டுதான் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். உடனே அங்கு சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் எந்தக் கிரகத்துக்கும் சாந்தி செய்யவில்லை. கையைக் கழுவச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த அறிவு நம் நாட்டுக்கும் வந்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலுமே நடக்கின்றன. 2018-20 கணக்கில், உயிரோடு பிறந்த 1 லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் மாண்டார்கள் என்றால், தமிழ்நாட்டில் மாண்டவர்கள் 54 பேர். அந்த 54-ம் நமக்கு வெட்கத்துக்குரியதேயானாலும், இவ்வளவு குறைவதற்குக் காரணமானவர்கள் கிராமத்து நர்சும், டாக்டரும், இரத்த வங்கியுமே ஒழிய எந்த ஆண்டவனும் அல்ல என்பதை எவரும் மறுக்க முடியாது.

நிற்க, இவ்வளவு தூரம் வந்த ஜனங்கள், ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பது போலப் பஞ்சாங்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நடப்பதென்ன? டாக்டர் சொல்லும் தேதி ஒன்று. ஜோசியர் குறித்துக் கொடுக்கும் தேதி ஒன்று. இந்த நட்சத்திரத்தில், இந்த லக்கினத்தில், இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்குப் பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். படித்தவர்களும், உத்தியோகஸ்தர்களும், பணக்காரர்களுமே இதில் முன்னால் நிற்கிறார்கள்.

இவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். பிறக்கும் பிள்ளையின் தலைவிதி பூர்வ ஜன்ம கர்மத்தின்படி முன்னாலேயே எழுதப்பட்டுவிட்டது என்றுதானே உங்கள் சாஸ்திரம் சொல்லுகிறது? அப்படியானால் டாக்டருடைய கத்தி அதை எப்படி மாற்றும்? கத்தியால் மாற்றிவிட முடியுமானால், அப்புறம் விதி என்பதற்கு என்ன அர்த்தம்? காசு கொடுத்தால் நல்ல லக்கினம், காசில்லாதவனுக்குக் கிடைத்த லக்கினம் என்றால், இது பிரம்மா எழுதிய எழுத்தா, ஆஸ்பத்திரிப் பில்லா?

போகட்டும், அந்தக் கிரகங்களாவது இருக்குமிடம் தெரிந்து இருக்கின்றனவா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 2025 மார்ச் 29-ல் சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டது என்றார்கள் திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள். நம் காவிரிக் கரைத் திருநள்ளாற்றுக் கோயிலாரோ, எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தான், சனிப்பெயர்ச்சி 2026-ல்தான் என்று சொல்லிவிட்டார்கள். இந்த இடைக்காலத்தில் பிறந்த பிள்ளைக்குச் சனி எந்த வீட்டில் இருக்கிறது? கிரகம் எங்கே இருக்கிறது என்பதிலேயே ஏறக்குறைய ஒரு வருஷம் சண்டை இருக்கும்போது, நிமிஷக் கணக்குப் பார்த்துப் பெண்ணின் வயிற்றை அறுக்கச் சொல்லுவது பித்தலாட்டமா அல்லவா?

அன்றியும், இந்தியாவில் நாளொன்றுக்கு 60,000 குழந்தைகளுக்கு மேல் பிறக்கின்றன. இராகு காலம் என்பது ஒன்றரை மணி நேரம். அதாவது ஒரு நாளில் 16-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி தினமும் 3,700-க்குக் குறையாத குழந்தைகள் இராகு காலத்திலேயே பிறந்து வளர்கின்றன. அவ்வளவு பேரும் கெட்டா போய்விட்டார்கள்? மீதி நேரத்தில் பிறந்தவர்கள் எல்லாம் மகாராஜாக்களாகவா இருக்கிறார்கள்?

“நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம், இதில் என்ன நஷ்டம்?” என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் தாய்க்கும் சேய்க்கும் என்பதே நமது பதில். 39 வாரம் நிரம்புவதற்கு முன் காரணமில்லாமல் அறுத்து எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் அபாயம் அதிகம். அறுத்த தாய்க்கு அடுத்த பிள்ளைப்பேற்றில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கு உண்டாகலாம். இதற்கு மாறாக, குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது, “இராகு காலம் கழியட்டும்” என்று கையெழுத்துப் போடாமல் நிற்பதும் உண்டு. அவசர அறுவை என்று முடிவானால் சுமார் 30 நிமிஷத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பது வைத்திய உலகம் வைத்திருக்கும் அளவு. இராகு காலமோ 90 நிமிஷம்! அதற்குள் குழந்தையின் மூளை கெட்டுப்போனால் எந்த ஜோசியர் வந்து ஜவாப்தாரியாவார்?

அறுவை வேண்டிய இடத்தில் அறுவை உயிரைக் காக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஜனத்தொகை அளவில் 100-க்கு 10-க்கு மேல் போவதால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொல்லிற்று. தமிழ்நாட்டிலோ மேற்படி கணக்கெடுப்பின்படி 100-க்கு 44.9 அறுவைப் பிரசவங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36, தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. இந்த வித்தியாசம் முழுவதும் பஞ்சாங்கத்தால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. வலிக்குப் பயப்படுவதும், பணமும், டாக்டரின் சௌகரியமும் அதில் இருக்கலாம். ஆனால் வயிற்றை அறுப்பது இவ்வளவு சாதாரணமாகிவிட்ட இடத்தில்தான் ஜோசியர் குறித்த நேரத்துக்கு இடம் கிடைக்கிறது என்பதில் ஆட்சேபணை இருக்க முடியாது.

இந்த மடமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்குக் கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள அரியலூர் ஜில்லாவில், 2024 ஜூன் மாதத்தில், 38 நாள் ஆண் குழந்தை தண்ணீரில் அமுக்கிக் கொல்லப்பட்டது. சித்திரையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையில் சொந்தத் தாத்தாவே இதைச் செய்ததாகப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? சித்திரை ஆகாது, மூலம் ஆகாது, கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று வேடிக்கைபோல் பேசிப் பேசி வளர்த்த வாய்களுக்கெல்லாம் அந்தச் சாவில் பங்கு இல்லையா?

இவ்வளவிலும் கேட்கப்படாதவள் ஒருத்தி உண்டு. அவள்தான் பிள்ளை பெறுகிறவள். வயிறு அவளுடையது, வலி அவளுடையது, தேதி குறிப்பவர்களோ மாமனாரும், புருஷனும், ஜோசியரும்! பிள்ளை பெறும் யந்திரமாகப் பெண்ணை நினைக்கும் புத்தி போகாதவரையில், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பெரிய கட்டடம் கட்டினாலும் அவளுக்கு விடுதலை வந்துவிடாது.

ஆதலால் தோழர்களே! இராகு காலத்தில் கலியாணம் நடத்திக் காட்டிய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். அந்தச் சுயமரியாதைத் திருமணங்களைப் பரிகசித்தவர்களின் கண்ணெதிரிலேயே 1968-ல் அவை சட்டப்படி செல்லுபடியாயின. அதே துணிவைப் பிரசவ அறையிலும் காட்டுங்கள். பிள்ளைக்கு ஜாதகம் எழுதுவதில்லை என்று தீர்மானம் செய்துகொள்ளுங்கள். பிறந்த நிமிஷத்தைக் கேட்டுக்கொண்டு ஜோசியர் வீட்டுக்கு ஓடாமல், பிள்ளையின் எடை என்ன, தாய்க்கு இரத்தம் போதுமா, காசநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று நர்சைக் கேளுங்கள். எப்போது அறுப்பது, அறுக்கத்தான் வேண்டுமா என்பதை டாக்டரும் பெற்றெடுக்கும் பெண்ணும் பேசி முடிவு செய்யட்டும். ஜோசியருக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணம் உங்களிடம் இருக்குமானால், அதற்குப் பாலும் முட்டையும் வாங்கி அந்தத் தாய்க்குக் கொடுங்கள்.