பழம்பொருளும் எடைக்கல்லும்

வீடு மாறும் நாளில்தான் ஒரு குடும்பத்தின் பழம்பொருள்கள் வெளிச்சத்திற்கு வருகின்றன. தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயரும் குடும்பம், கட்டிலடியில் கிடந்த பித்தளைக் குடத்தையும் வெற்றிலைச் செல்லத்தையும் எண்ணெய்ப் பிசுக்கேறிய குத்துவிளக்கையும் வாசலில் எடுத்து வைக்கிறது. அப்போது எழும் முதற்கேள்வி, "இதற்கு என்ன விலை கிடைக்கும்?" என்பதே. விடை கூறவும் ஒருவர் ஆயத்தமாக நிற்கிறார். பழைய சாமான் வாங்கும் அவர் கையில் தராசு இருக்கிறது. அரைமணி நேரத்தில் மூன்று தலைமுறையின் புழங்குபொருள் வண்டியேறி விடுகிறது.

விலை கேட்பது குற்றமன்று. அதை முதலிற் கேட்பதே குற்றம். வயது தெரியாமல் விலை தெரியாது. யாருடையது, எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் வயதும் தெரியாது. தராசுக்குத் தெரிந்தது பித்தளை ஒன்றே. குடத்தின் கழுத்தில் உளியால் புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கும் பெயரை அது நிறுப்பதில்லை.

இவ்வாறு எறிவோர் ஒரு சாரார். மறுசாரார் இவர்களினும் உரக்கப் பேசுவோர். பாட்டி வைத்திருந்த எதுவும் அவர்களுக்கு முந்நூறு ஆண்டுப் பழமை உடையது. இலட்சக்கணக்கில் விலை பெறுவது. இராமர் பட்டாபிடேகம் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் தாங்கிய காசைப் பட்டுத்துணியில் சுற்றிப் பேழையில் வைத்திருப்பார்கள். கம்பெனி அத்தகைய நாணயம் எதையும் வெளியிட்டதில்லை. அவை கோயில் வாசல்களில் விற்கப்பட்ட காசுகள். பின்னாளில் எவரோ வார்த்தவை. சப்பானியர் காலத்து வாழைமரத் தாளையும் இவ்வாறே போற்றுவர். 1942 முதல் 1945 வரை அத்தாள் கணக்கின்றி அச்சடிக்கப்பட்டது. போர் முடிந்த அன்றே செல்லாக் காசாயிற்று. இன்றும் எண்ணற்றவை எஞ்சியிருப்பதால், சில அரிய வகைகள் தவிர்த்து, அதற்குப் பெருவிலை இல்லை. பழமை வேறு, அருமை வேறு. இவ்வேறுபாட்டை உணராத பெருமிதம் ஏமாறுவதற்கு இடும் அடித்தளமே.

காரைக்குடிக்குச் சுற்றுலாச் சென்று, "இருநூறாண்டு விளக்கு" என்று வாங்கி வருவோரும் உளர். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது. எனவே, விற்றவர் கூறியது பொய்யாக இருக்க வேண்டும். அல்லது வாங்கியவர் சட்டத்தை மீறியிருக்க வேண்டும். இவ்விரண்டில் எதைச் சொல்லிப் பெருமை கொள்வது?

வயதை அறிய வழி இல்லாமல் இல்லை. பொருளே பேசும். விக்டோரியாவை இராணி என்னாது பேரரசி என்று குறிக்கும் இந்திய வெள்ளிக்காசு 1877க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. நீரிணைக் குடியேற்றங்களின் 1903ஆம் ஆண்டு வெள்ளி நாணயம் ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ளது; 1907இல் வெளிவந்ததோ 20 கிராம் அளவினது. எடை பொருந்தாவிடின் ஐயுற வேண்டும். காந்தம் இழுத்தால் ஐயமே வேண்டா, அது போலி. "ஆக்கிரமிக்கப்பட்ட சப்பானில் செய்தது" என்று ஆங்கிலத்தில் முத்திரை பெற்ற பீங்கான், போருக்குப் பின் அந்நாடு அயலார் ஆட்சியில் இருந்த காலத்தது. அக்காலம் 1952இல் முடிந்தது.

எனினும் நம் பாத்திரங்களில் உள்ள சான்றோ தமிழில் இருக்கிறது. லை, ணை, னை ஆகியவை பழைய கொம்புவடிவில் இருப்பின், பொறித்தவர் 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தத்திற்கு முன் எழுதப் பழகியவர் எனலாம். துந்துபி ஆண்டு என்று மட்டும் இருப்பின் அது 1862ஆகவோ 1922ஆகவோ 1982ஆகவோ இருக்கலாம். பாத்திரம் எவர்சில்வராயின் முதலாவது தானே விலகும். ரசூலாக் கப்பலில் வந்திறங்கியபோது கொண்டுவந்த குடம் என்று மூதாட்டி ஒருவர் கூறின், குடம் அப்பயணத்திற்கு முந்தியது என்பது உறுதி. கப்பல் கட்டப்பட்டது 1926இல். இச்சான்றுகளைப் படிக்க வல்லவர் அயல்நாட்டு மதிப்பீட்டாளர் அல்லர், தமிழாசிரியரே.

நியூசிலாந்தில் 1836 வாக்கில், மாவோரிப் பெண்கள் கிழங்கு அவிக்கும் சட்டியாக ஒரு வெண்கலப் பொருளைப் பயன்படுத்தி வந்ததை வில்லியம் கொலென்சோ என்னும் சமயப்பணியாளர் கண்டார். அது விளிம்புடைந்த மணி. முகைதீன் பக்சு என்பவரது கப்பலின் மணி என்று அதில் தமிழில் பொறித்திருந்தது. இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. எடைக்குப் போயிருந்தால் அது சில பவுண்டு வெண்கலம். எழுத்து அதனைக் காத்தது. ஆனால் அது எவ்வாறு அங்குச் சென்றது என்பதைச் சொல்ல எவரும் இல்லாமையால், அதன் வயது பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை என்க.

"வறியவன் விற்றுத்தான் உண்ண வேண்டும், அவனிடம் வரலாறு பேசலாமா?" என்று கேட்பர் சிலர். விற்கட்டும். அறிந்து விற்றால் அவனுக்கே ஆதாயம். யார் பயன்படுத்தியது என்னும் வரலாற்றோடு வரும் பொருளுக்கு அருங்காட்சியகமும் சேகரிப்பாளரும் கூடுதல் மதிப்பளிப்பர். மெருகேற்றும் பொறியில் கொடுத்துப் பெயரைத் தேய்த்தழித்த பின்னரே விற்பனைக்குக் கொண்டுவருவதுதான் பேதைமை. புளியிட்டுத் துலக்கித் தேய்ந்த விளக்கில் அத்தேய்வும் ஒரு சான்றே. அமிலமிட்டுப் பளபளப்பாக்கியதில் அதுவும் இல்லை.

சிங்கப்பூரில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய மரபுடைமைச் சட்டம் உள்ளது. இவை இரண்டும் ஒரு வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து குடத்தைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. அதைச் செய்யக்கூடியவர் மாணவர். கட்டுரைப் பாடத்தில் ஆண்டுதோறும் "நான் ஒரு பழைய குடை" என்று கற்பனையாக எழுதச் சொல்லும் பள்ளி, தத்தம் வீட்டிலுள்ள ஒரு பாத்திரத்தின் பெயரையும் எடையையும் பொறிப்பையும், அதைப் பற்றிப் பாட்டி கூறுவதையும் எழுதி வரச் சொன்னால் என்ன? ஒரு வகுப்பில் முப்பது பேர் இருப்பின் முப்பது குறிப்புகள் சேரும். கூறவேண்டிய பாட்டிமார் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர்.