மாலை மட்டும் வாங்கினோம்

இடுப்புவலி என்றால் நம் வீடுகளில் முதலில் நீளுவது கோடாலித் தைலம். அடங்கவில்லையா, பிளாஸ்டர். அதற்கும் மசியவில்லையா, பிரிக்பீல்ட்ஸ் போய் ஒரு மணி நேர மசாஜ், இரண்டு நாள் எம்சி. ஒரு தலைமுறையையே இப்படி ஓட்டிவிட்டோம். சங்கக் கூட்டங்களில் இனிப்புநீரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறோம். இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வலியைக் கூறுபோட்டும் வைத்தோம். முட்டிக்கு ஓர் எண்ணெய், கழுத்துக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பெல்ட். நாட்பட்ட இடுப்புவலியோ பெரும்பாலும் வேறு வலிகளின் துணையோடுதான் வருகிறது. தொடை மூட்டுத் தேய்மானம் முதுகுவலி வேஷத்தில் வருவதும் உண்டு.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கட்டும் அக்காவைப் பாருங்கள். ஸ்டூலில் குனிந்த கழுத்து, நாரை இழுத்து இழுத்துக் கடுக்கும் மணிக்கட்டு. பூ வாளியை நகர்த்த எழும்போது ஒரு கை மேசையில், மறு கை இடுப்பில். மூன்று இடத்து வலி, வேலை ஒன்றுதான். நாம் கேட்டதெல்லாம் மாலை என்ன விலை என்று மட்டுமே.

1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அந்த வட்டாரமெங்கும் பார்வையற்றோரின் மசாஜ் கடைகள். நம் முதுகை அழுத்தி அழுத்தி அவர்களுடைய கட்டைவிரல் மூட்டு என்ன ஆகிறது? நின்றபடி குனியும் அவர்கள் இடுப்பை யார் பிடித்துவிடுகிறார்கள்? குப்புறப் படுத்தபடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி. 2050இல் அது 84.3 கோடியாகும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாட்பட்ட இடுப்புவலிக்கு அந்த நிறுவனம் 2023இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சி உண்டு, மசாஜும் உண்டு. பெல்ட் வேண்டாம் என்கிறது. நாம் வாங்கியதோ பெல்ட்.

மூன்று மாதம் தாண்டிய வலியா? அரசு கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இடுப்பை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். முட்டி, தோள், தூக்கம், பார்க்கும் வேலை எல்லாவற்றையும் சொல்லுங்கள். கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ தைலத்தைத் தேடாதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.